இருபத்திரண்டாம் வார ஸ்கேன்

அன்புக்கரசிக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்துத்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. அதுவரை கேட்காதவர்கள் பாக்கியில்லை. தெருவில் கேட்டார்கள், கம்பெனியில் கேட்டார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள்கூடக் கேட்டார்கள். எல்லாருக்கும் அவள் ஒரே பதிலை வைத்திருந்தாள். "வரும்போது வரும்."

விருத்தாசலத்தில் ஆலடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அவர்கள் வீடு. புருஷன் பழமலைநாதன், கருவேப்பிலங்குறிச்சி வழியாகப் பெண்ணாடம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மாமியார் சொர்ணாம்பாள் கூடவே இருந்தாள். அன்புக்கரசி தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். வீட்டு மின்சார போர்டுகளில் மாட்டுகிற ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி அது. சூளையில் வெந்து வரும் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, விரிசல் விட்டதையும் முனை உடைந்ததையும் ஒதுக்கிப் போடுவது அவள் வேலை. ஏழு வருஷமாக அதையே செய்துவந்ததால் கை தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிடும்.

2007 ஜனவரியில், பொங்கல் முடிந்து பத்து நாள் ஆனபோது, டாக்டர் துர்கா சிறுநீர்ப் பரிசோதனை அட்டையைக் காட்டி, "ரெண்டு கோடு வந்திருக்குது, பாருங்க" என்றார். கடைசி மாதவிலக்கு வந்த தேதியைக் கேட்டார். டிசம்பர் இருபது என்றாள் அன்புக்கரசி. அந்தத் தேதியைச் சொல்ல அவள் யோசிக்கவே இல்லை. நான்கு வருஷமாகத் தேதி எண்ணிப் பழகியவள்.

முதல் மூன்று மாதம் வாந்தியும் சோர்வுமாகப் போனது. நான்காம் மாதம் வளையல் இறுகியது. ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், அடிவயிற்றில் மீன் துள்ளுவதுபோல் ஒரு அசைவு வந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மே மாதம் இருபத்திமூன்றாம் தேதி ஸ்கேன். அக்கினி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. பழமலைநாதன் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். ஸ்கேன் சென்டர் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே ஏசி. வெளி வெயிலிலிருந்து வந்தவளுக்கு அந்தக் குளிர்ச்சியே சுகமாக இருந்தது. வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, ஸ்கேன் டாக்டர் கருவியை வைத்து நகர்த்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எண்களாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தலை, வயிறு, தொடை எலும்பு. அந்தப் பெண் டைப் அடித்துக்கொண்டே வந்தாள்.

பிறகு எண்கள் நின்றன. கருவி ஒரே இடத்தில் நின்றது. அவர் லேசாக அழுத்தினார், சாய்த்தார், மறுபடி அழுத்தினார்.

"கொஞ்சம் ஒருக்களிச்சுப் படும்மா."

படுத்தாள்.

"குழந்தை கைய மொகத்துக்கு நேரா வச்சுகிட்டு இருக்குது. வெளிய போயி ஒரு ஜூஸ் குடிச்சுட்டு, கொஞ்ச நேரம் நடந்துட்டு வாங்க. மறுபடி பாக்கலாம்."

எதிரில் இருந்த கடையில் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தான் பழமலைநாதன். "வெக்கப்படுது போல" என்றான். அவளும் சிரித்தாள். மரநிழலில் கால்மணி நேரம் நடந்துவிட்டு உள்ளே போனார்கள். இரண்டாவது தடவை டாக்டர் சீக்கிரமே முடித்துவிட்டார். "ரிப்போர்ட்ட உங்க டாக்டர்கிட்ட இன்னிக்கே காட்டிடுங்க" என்றார். இன்றைக்கே என்ற சொல்தான் அவள் காதில் நின்றது.

வெளியே வந்து பழமலைநாதன் கவரைப் பிரித்தான். ஒட்டியிருக்கக்கூட இல்லை. பன்னிரண்டாவது வரை படித்தவன், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பான். கடைசிப் பத்தியில் தடித்த எழுத்தில் இருந்ததை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். கிளெஃப்ட் லிப். "லிப்புனா ஒதடுதானே?" என்று அவளையே கேட்டான்.

டாக்டர் துர்கா மாத்திரை எழுதும் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒரு முகம் வரைந்தார். மூக்கு, அதற்குக் கீழே வாய். மேல்உதட்டில் இடது பக்கம் மூக்குவரை ஒரு கோடு இழுத்தார்.

"மேல்ஒதடு ரெண்டு பக்கத்துல இருந்தும் வளந்து வந்து கூடும்மா. உங்க குழந்தைக்கு இந்தப் பக்கம் கூடல. பொறந்ததும் இங்க பிளந்து இருக்கும். ஆபரேஷன் பண்ணிச் சேத்துடலாம்."

"உசுருக்கு எதுனா..." என்றாள் அன்புக்கரசி.

"இது மட்டும்தான்னா உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சில குழந்தைங்களுக்கு இதோட சேந்து இருதயத்துல, மூளையில வேற குறை இருக்கலாம். இந்த ஸ்கேன்ல அப்படி எதுவும் தெரியல. இருந்தாலும் புதுச்சேரில இன்னும் நுணுக்கமா ஒரு ஸ்கேன் பாத்துடணும். அண்ணம், அதான் வாயோட மேல்தட்டு, அது பிளந்து இருக்குதா இல்லையானு ஸ்கேன்ல உறுதியா சொல்ல முடியாது. பொறந்தப்புறம்தான் தெரியும்."

"நான் எதுனா மாத்திரை தப்பா..."

"நீங்க எதுவும் தப்பு பண்ணல."

அந்த வரைந்த சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் அன்புக்கரசி. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. புதுச்சேரியில் ஜூன் ஆறாம் தேதிக்குத்தான் இடம் கிடைத்தது. நடுவில் இரண்டு வாரம்.

வீட்டில் சொர்ணாம்பாளிடம் பழமலைநாதன்தான் சொன்னான். அவள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த உளுந்தைக் கீழே வைத்தாள். எழுந்து பின்பக்கம் போனவள் வெகுநேரம் வரவில்லை. அன்புக்கரசிக்கு அது எதனால் என்று தெரியும்.

மார்ச் மாதம், மாசிமகம் முடிந்த மறுநாள் விடியற்காலை சந்திர கிரகணம். வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தின்போது வெளியே தலைகாட்டினால் பிள்ளை மூளியாகப் பிறக்கும் என்று அந்தத் தெருவில் எல்லாரும் சொல்வதுண்டு. சொர்ணாம்பாளும் முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். ஆனால் மாசிமகக் கூட்டத்தில் நாள் முழுக்க நின்றதில் சொர்ணாம்பாளுக்கு முழங்கால் வீங்கிப்போய், எழுந்திருக்கவே முடியவில்லை. நகராட்சிக் குழாயில் தண்ணீர் நாலரை மணிக்கு வந்தது. விட்டால் மறுநாள்தான். "சீக்கிரம் புடிச்சுட்டு ஓடியாந்துடு" என்று சொர்ணாம்பாளே அனுப்பினாள். அன்புக்கரசி இரண்டு குடம் பிடித்தாள். குடம் நிறைகிற நேரத்தில் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கவும் செய்தாள். நிலா செம்புத் தவலை நிறத்தில் இருந்தது.

இப்போது மாமியார் அதைச் சொல்லிக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொர்ணாம்பாளே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு நாள் தண்ணி இல்லாம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? நான்தான் ஒன்ன அனுப்புனேன்."

"வுடுங்க அத்தை. டாக்டரம்மா அப்படியெல்லாம் இல்லனுதான் சொல்றாங்க."

"அவங்க படிச்சவங்க. ஒனக்கு ஆறுதலுக்குச் சொல்லுவாங்க."

அன்றிலிருந்து குழாய்க்கு அன்புக்கரசியைப் போகவிடாமல் நொண்டிக்கொண்டே சொர்ணாம்பாள் போய்வந்தாள்.

வேலைக்குப் போவதை அன்புக்கரசி நிறுத்தவில்லை. வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். ஆனால் ஒதுக்கிப் போடுகிற மேஜையில் அவளால் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு கட்டையாக எடுத்துப் பார்க்கவும், பின்னால் இருந்து சூப்பர்வைசர், "இன்னிக்கு எத்தினி டேமேஜ்?" என்று கேட்கவும், இரண்டாம் நாளே கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். காரணம் சொல்லாமல் பேக்கிங் பக்கம் மாற்றித் தரும்படி கேட்டாள். மாசமாக இருப்பவள் என்று மாற்றிக் கொடுத்தார்கள். வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவது ஒன்றும் யோசிக்க வைக்காத வேலை.

அந்த வாரக் கடைசியில் கம்மாபுரத்திலிருந்து நாத்தனார் மாரியம்மாள் வந்தாள். பழமலைநாதனுக்கு அக்கா. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறார்கள் என்ற பேச்சைக் கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு குரலை இறக்கினாள்.

"நான் சொல்றன்னு தப்பா நெனைக்காத அன்பு. இன்னும் நாள் இருக்குது. பெரிய டாக்டருங்க முடியாதும்பாங்க. ஆனா பண்றவங்களும் இருக்காங்க. எங்க தெருவுல ஒருத்தி ஆறு மாசத்துல போயிட்டு வந்தா. கலைச்சுட்டா அடுத்தது நல்லபடியா நிக்கும்."

அன்புக்கரசி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது பேசவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். அவன் பேசவில்லை.

"ஒதடு ஒட்டலன்னு உசுர எடுப்பாங்களா அண்ணி?" என்றாள் கடைசியில்.

"பொட்டப்புள்ளயா இருந்தா யாரு கட்டுவா? அதையும் யோசிக்கணும் இல்ல."

"மாரி," என்றாள் சொர்ணாம்பாள் அடுப்படியிலிருந்து, "அஞ்சு மணி பஸ்ஸு போயிடும். கெளம்பு."

மகளை அவள் அப்படி அனுப்பிவைத்ததை அன்புக்கரசி அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆனால் பழமலைநாதன் வாயைத் திறக்காமல் இருந்தது அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்கேன் எடுத்த நாளிலிருந்தே அவன் அப்படித்தான். வேலை முடிந்து வருவான், சாப்பிடுவான், படுத்துவிடுவான். பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் பேசுகிறவன், வீட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை. அவனும் மனசுக்குள் அக்கா சொன்னதையே நினைக்கிறானோ என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. கேட்கப் பயமாக இருந்தது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தவன் சொன்னான்: "நாளைக்கு லீவு போடு. பெண்ணாடத்துல ஒரு வூட்டுக்குப் போயிட்டு வரலாம்."

"யாரு வூட்டுக்கு?"

"வா, சொல்றேன்."

பஸ்ஸில்தான் சொன்னான். வேறொருவன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்க, இவன் பயணியாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இத்தினி நாளா ஏர்றவங்க எறங்குறவங்க எல்லார் ஒதட்டையும்தான் பாத்துகிட்டு இருந்தேன். ஒருத்தர் வுடல. ரெண்டு பேரு எதுக்குயா மொறைக்கிறனு கேட்டுட்டாங்க. போன செவ்வாக்கெழம ஒரு பொண்ணு, மூணு வயசு இருக்கும், அவங்க அம்மா மடியில ஒக்காந்துகிட்டு வாய் மூடாம பேசிகிட்டே வந்துச்சு. ஒதட்டுல தலமுடி கணக்கா ஒரு கோடு. கேக்கலாமா வேணாமானு பெண்ணாடம் வரைக்கும் யோசிச்சேன். எறங்கும்போது கேட்டுட்டேன். என் பொண்டாட்டிக்கு இப்படி ஸ்கேன்ல சொல்லியிருக்காங்கனு சொன்னேன். அந்தம்மா அங்கயே நின்னு அரைமணி நேரம் பேசுனாங்க. கூட்டிட்டு வாங்கனு சொன்னாங்க."

அன்புக்கரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரும்பு வெட்டி முடிந்த வயல்கள் வெறிச்சென்று போய்க்கொண்டிருந்தன. பத்து நாளாக அவன்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் பெயர் ஜெரினா. புருஷன் சனாவுல்லா கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. குழந்தை அப்ரின் வந்தவர்களை உட்காரக்கூட விடவில்லை. தன் செருப்பைக் காட்டினாள், பூனையைக் காட்டினாள், பூனைக்கு வால் ஏன் கோணல் என்பதை விளக்கினாள். அன்புக்கரசி அவள் பேசுவதைக் கேட்கவில்லை, வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது மூக்கிலிருந்து உதட்டுக்கு ஒரு மெல்லிய கோடு. மூக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் அமுங்கினாற்போல் இருந்தது. அவ்வளவுதான்.

"பாக்கணும்னா கிட்டயே பாருங்க அக்கா. அது ஒண்ணும் நெனைக்காது" என்றாள் ஜெரினா. உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்துவந்து கொடுத்தாள். பிறந்து ஒரு மாதத்தில் எடுத்தது. டாக்டர் பேனாவால் இழுத்த கோடு இப்படி இருக்கும் என்று அன்புக்கரசி நினைத்திருக்கவில்லை. மூக்குவரை சிவப்பாகத் திறந்திருந்தது. போட்டோவைத் திருப்பி வைக்கப் போனவள், மறுபடி எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது குழந்தையின் கண் தெரிந்தது.

"எனக்கு ஸ்கேன்ல யாரும் சொல்லல. பொறந்து கையில குடுத்தப்பதான் பாத்தேன். ரெண்டு நாள் நான் அத தொடல அக்கா. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. அழுவுறத இப்பவே அழுது முடிச்சுடலாம்."

கடையிலிருந்து சனாவுல்லா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தடித்த மீசை. பேசும்போது மூக்கிலிருந்து காற்று வந்தது. பழமலைநாதன் ஐந்து வருஷமாக அவருக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறான், மீசைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கவனித்ததில்லை.

"எனக்கும் இருந்துச்சுங்க. பதினஞ்சு வயசுலதான் ஆபரேஷன் பண்ணாங்க. லேட்டுனால பேச்சு இப்படியே நின்னுடுச்சு. பாப்பாவுக்கு நாலாவது மாசமே பண்ணிட்டோம். புதுச்சேரிலதான். செலவெல்லாம் ஒரு டிரஸ்டு பாத்துக்கறாங்க."

அன்புக்கரசிக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. முதல்முறை பார்க்கிறவரிடம் கேட்கிற கேள்வி இல்லை. ஆனாலும் கேட்டாள்.

"உங்க அம்மாமேல உங்களுக்குக் கோவம் இருந்துச்சாங்க?"

"பொறந்ததுக்கு இல்லீங்க. அவங்கதான் சொட்டு சொட்டா பால் ஊத்தி உசுர நிறுத்துனாங்க. ஆனா என்ன வெளிய கூட்டிட்டுப் போகமாட்டாங்க. கல்யாணம், பெருநாள்னா மத்த புள்ளைங்களக் கூட்டிட்டு, என்ன மட்டும் பக்கத்து வூட்டுல வுட்டுட்டுப் போயிடுவாங்க. அது இருந்துச்சு. இன்னிக்கும் கொஞ்சம் இருக்குது."

சாப்பிடாமல் போகக்கூடாது என்று ஜெரினா தடுத்துவிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தலையணையை மடியில் வைத்து, குழந்தையை எப்படி நிமிர்த்திப் பிடிக்கவேண்டும், பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தை உதட்டின் எந்த ஓரத்தில் வைத்து எவ்வளவு சாய்க்கவேண்டும், எத்தனை வாய்க்கு ஒருமுறை தோளில் போட்டுத் தட்டவேண்டும் என்று செய்து காட்டினாள். அன்புக்கரசியைச் செய்ய வைத்தும் பார்த்தாள். "இப்பவே வேணாம்னு நெனைக்காதீங்க. பொறந்தப்புறம் ஒண்ணும் மண்டையில ஏறாது."

ஜூன் ஆறாம் தேதி புதுச்சேரியில் ஸ்கேன் முக்கால் மணி நேரம் நடந்தது. இருதயத்தின் நான்கு அறைகளையும் அந்த டாக்டர் திரையைத் திருப்பி அவளுக்கே காட்டினார். மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம் எல்லாம் சரி. உதட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் பழமலைநாதன் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை. அப்புறம், "பசிக்குது" என்றான். இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டார்கள்.

அடுத்த முறை டாக்டர் துர்காவிடம் போனபோது சொர்ணாம்பாளும் கூட வருவேன் என்றாள். வந்து, டாக்டர் மருமகளைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, நின்றுகொண்டே கேட்டாள்.

"டாக்டரம்மா, கிரகணத்தன்னிக்கு இத தண்ணி புடிக்க அனுப்பிட்டேன். உள்ளத சொல்லுங்க. அதனாலயா?"

டாக்டர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரை எடுத்து மேஜையில் போட்டார். டிசம்பர் இருபதிலிருந்து பேனா முனையால் வாரம் வாரமாக எண்ணினார். சொர்ணாம்பாள் குனிந்து கூடவே எண்ணினாள்.

"கிரகணம் மார்ச் நாலு. அன்னிக்கு இவங்களுக்குப் பத்து வாரமும் நாலு நாளும் ஆயிடுச்சு. ஒதடு கூடுறது ஒம்பது வாரத்துக்குள்ள முடிஞ்சுபோற வேலை. நீங்க அனுப்புறதுக்கு முன்னாடியே அது கூடாம நின்னாச்சு. கிரகணத்துல வெளிய வராம கதவ அடைச்சுகிட்டு இருந்தவங்களுக்கும் இப்படிப் பொறக்குது. கிரகணமே இல்லாத வருஷத்துலயும் பொறக்குது."

"அப்ப அதுக்கு முன்னாடியே..."

"ஆமாம்மா. முன்னாடியே."

சொர்ணாம்பாள் மார்ச் நாலாம் தேதிக் கட்டத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் கடையில் நிறுத்தி மூன்று பாலாடை வாங்கினாள். ஒன்று காணாமல் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றாள்.

செப்டம்பர் மூன்றாவது வாரம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. நர்ஸ் குழந்தையின் முகத்தைத் துணியால் பாதி மூடிக்கொண்டு வந்தாள். "துணிய எடுங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்" என்றாள் அன்புக்கரசி. எடுத்தார்கள். ஜெரினா காட்டிய போட்டோவில் இருந்ததைவிட அகலமாகவே பிளந்திருந்தது. டாக்டர் விரலை விட்டுப் பார்த்து அண்ணத்திலும் பிளவு இருக்கிறது என்றார். அது இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்ததால், உதட்டைப் பார்த்தபோது அழாதவள் அதைக் கேட்டு அழுதாள்.

முதல் மூன்று மாதம் பால் கொடுப்பதே அவளுடைய முழு நேர வேலையாக இருந்தது. குழந்தையால் சப்பி உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் ஊட்டவேண்டும். ஒருமுறை கொடுக்க முக்கால் மணி நேரம். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி கொடுப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். மூன்றாம் நாளே ஜெரினா பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பாலாடையைச் சாய்க்கும் கையைத் திருத்திவிட்டுப் போனாள். சொர்ணாம்பாள் ஒரே வாரத்தில் அதில் கைதேர்ந்துவிட்டாள். வாராவாரம் எடை பார்த்தார்கள். நூறு கிராம் ஏறினால் அன்றைக்கு வீட்டில் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

முத்தரசி என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் மாதம் அன்புக்கரசி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். முகத்தை மூடவில்லை. கூட வேலைபார்த்த பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி உடனே கிரகணத்தைப் பற்றிக் கேட்டாள். "அதுக்கு முன்னாடியே ஆயிடுச்சாம்" என்று சொர்ணாம்பாள் சொல்வதுபோலவே அன்புக்கரசி சொன்னாள். ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஒருத்தி பார்க்காமல் திரும்பி வேலைக்குப் போய்விட்டாள். ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். மாரியம்மாள் வீட்டுக் காதுகுத்துக்கும் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

பிப்ரவரியில் குழந்தை ஐந்து கிலோவைத் தாண்டியதும் புதுச்சேரியில் உதட்டு ஆபரேஷன் நடந்தது. சனாவுல்லா சொன்ன டிரஸ்ட்தான் பார்த்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். கறுப்பு நூல் தையலோடு, மூடிய வாயோடு ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பழமலைநாதன் சத்தம் போட்டே அழுதான். சொர்ணாம்பாள் கும்பிட்டாள். அன்புக்கரசிக்கு மட்டும் என்னவோ ஆகிவிட்டது. அது யாரோ ஒரு குழந்தை மாதிரி இருந்தது. ஐந்து மாதமாக அவளைப் பார்த்துச் சிரித்த முகம் அது இல்லை. முகம் முழுக்க அகலமாக விரியும் அந்தச் சிரிப்பு இனி வராது என்பது அப்போதுதான் உறைத்தது. அதை யாரிடம் சொல்வது? கேட்டால் பைத்தியம் என்பார்கள். கடைசியில் போனில் ஜெரினாவிடம் சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தான் அக்கா இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. அந்தப் போட்டோவ எதுக்கு வச்சிருக்கேன்னு நெனைச்சீங்க?"

ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். பத்து நாளில் புதுச் சிரிப்பு பழகிவிட்டது. முத்தரசிக்கு ஒன்பது மாதம் ஆனபோது, சொர்ணாம்பாளிடம் அவளை விட்டுவிட்டு அன்புக்கரசி வேலைக்குத் திரும்பினாள். எந்த மேஜை வேண்டும் என்று கேட்டார்கள். பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தாள்.

அண்ணத்து ஆபரேஷன் அந்த வருஷம் டிசம்பரில் நடந்தது. அதுவரை முத்தரசிக்கு ப, ட, க எதுவும் வராது. காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்விடும். அப்பாவையும் அம்மாவையும் ஒரே மாதிரி அம்மா என்றுதான் கூப்பிட்டாள். பஸ்ஸு என்பது மஸ்ஸு. ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, ஊதுகிற விளையாட்டாகக் கொடுங்கள் என்றார். காகிதத் துண்டை ஊதித் தள்ளுவது, சோப்பு நுரை ஊதுவது, பீப்பீ, விசில். பீப்பீயும் நுரையும் கடையில் வாங்கினார்கள். விசிலை மட்டும் முத்தரசி கடையில் வாங்கியதைத் தொடவில்லை. அப்பாவின் சட்டைப் பையில் இருந்ததைத்தான் கேட்டாள்.

நாலைந்து மாதம் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. பழமலைநாதன் தினமும் வேலை முடிந்து வந்ததும் அதைத் துடைத்து அவள் வாயில் வைப்பான், ஐந்து நிமிஷம் ஊதச் சொல்வான். 2009 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் குளித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில் சத்தம் கேட்டது. சோப்போடு வெளியே ஓடிவந்தான். முத்தரசி கட்டில்மேல் நின்றுகொண்டு மறுபடி ஊதினாள். ஊதிவிட்டு, "அப்பா, போலாம்" என்றாள். ப கொஞ்சம் பிசிறடித்தது. ஆனால் ப தான்.

அதற்குப் பிறகு அந்தச் சந்தில் யாராலும் மத்தியானம் தூங்க முடியவில்லை. எதிர் வீட்டிலிருந்து வந்து புகார் செய்தார்கள். விசிலைப் பிடுங்கி அன்புக்கரசி அலமாரிக்கு மேலே போட்டாள். சொர்ணாம்பாள் முக்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.